மூன்று மாத ராஜாவின் பெயருக்குள் இவ்வளவா? தெரியுமா?

யோயாக்கீம், யோயாக்கீன். வேதப்புத்தகத்தை வேகமாக வாசிக்கிற எவரும் ஒரு தடவையாவது தடுக்கி விழுகிற இடம் இது. கடைசி எழுத்து ‘ம்’ என்றால் அப்பா, ‘ன்’ என்றால் மகன். அப்பா எருசலேமில் 11 வருஷம் அரசாண்டான். மகன் ஆண்டது மூன்றே மாதம். நாளாகமப் புத்தகம் இன்னும் கறாராகக் கணக்குப் பார்த்து மூன்று மாதமும் பத்து நாளும் என்கிறது. அவ்வளவுதானே, இந்த மகனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இந்தப் பையனின் பெயரைத் தொட்டால் தாவீதின் அரண்மனையில் தொடங்கி பாபிலோனின் எண்ணெய்க் கிடங்கு வரைக்கும் எல்லாம் சரசரவென்று திறந்துகொள்கிறது. உண்மையாகவே!

முதலில் அந்த ‘ம்’, ‘ன்’ குழப்பம். அது தமிழால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எபிரெயத்தில் இரண்டும் நன்றாகவே வேறுபட்ட பெயர்கள். அப்பா பெயரில் தொண்டையின் அடியிலிருந்து வருகிற ‘கோஃப்’ என்ற எழுத்து, மகன் பெயரில் சாதாரண ‘காஃப்’. தமிழில் இரண்டுக்கும் ‘க்’தான் இருக்கிறது, என்ன செய்வது! ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பே பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். ராஜாக்களின் வரலாற்றில் தகப்பனுக்கும் மகனுக்கும் ‘யோவாக்கிம்’ என்று ஒரே பெயரை எழுதிவைத்துவிட்டார்கள். அந்தக் கிரேக்கப் பெயர்தான் பிற்பாடு கன்னி மரியாளின் தந்தைக்கு மரபில் வழங்கிய பெயர். நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜூலை 26-இல் அன்னம்மாளோடு சேர்த்து விழாக் கொண்டாடுகிற சுவக்கீன் என்ற பெயரின் வேர் இதே யூதா அரண்மனையில் இருக்கிறது, தெரியுமா?

சரி, அர்த்தம் என்ன? யோயாக்கீம் என்றால் ‘கர்த்தர் எழும்பப்பண்ணுவார்’. யோயாக்கீன் என்றால் ‘கர்த்தர் நிலைப்படுத்துவார்’. இந்த இரண்டு வினைகளையும் எங்கேயோ சேர்த்துக் கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும்! 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரம், 12-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். கர்த்தருக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நானே உனக்கு வீட்டை உண்டாக்குவேன் என்று கர்த்தர் சொன்னதைச் சொல்கிற இடம். அந்த ஒரே வசனத்தில் உன் சந்ததியை எழும்பப்பண்ணுவேன் என்றும், அவன் ராஜ்யத்தை நிலைப்படுத்துவேன் என்றும் இரண்டு வாக்கு. முதல் வாக்கின் வினை அப்பனுக்குப் பெயர், இரண்டாம் வாக்கின் வினை மகனுக்குப் பெயர். அதோடு நிலைப்படுத்துகிற அந்த வினைவேர் 12, 13, 16 என்று மூன்று வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ராஜ்யம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலத்தில் தாவீதின் வம்சத்தார் அந்தப் பழைய வாக்கையே பெயராக அணிந்துகொண்டார்கள். எனக்கு இது வெறும் தற்செயல் என்று படவில்லை.

அப்பனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது, தெரியுமா? எகிப்தின் பார்வோன்! பிறந்தபோது அவன் பெயர் எலியாக்கீம், ‘தேவன் எழும்பப்பண்ணுவார்’. பார்வோன் நேகோ அவனை ராஜாவாக்கியபோது, வினையைத் தொடாமல் முன்னாலிருந்த ‘எல்’லை எடுத்துவிட்டு ‘யெகோ’வை வைத்தான். தன் தெய்வத்தின் பெயரை வைக்கவில்லை, யூதாவின் கர்த்தருடைய பெயரையே வைத்தான் என்பதுதான் ஆச்சரியம். பின்னால் அரசனான, யோயாக்கீனின் சித்தப்பன் கதையும் இப்படித்தான். மத்தனியா என்பவனை நேபுகாத்நேச்சார் சிதேக்கியா ஆக்கினான். ஒருவனுக்கு எகிப்து பெயர் மாற்றியது, இன்னொருவனுக்குப் பாபிலோன் பெயர் மாற்றியது. நடுவில் இருந்த யோயாக்கீன் பெயரில் எந்த அந்நிய ராஜாவும் கைவைத்ததாக வேதத்தில் இல்லை.

ஆனால் அவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் என்றும் நினைக்க வேண்டாம். ராஜாக்கள் புத்தகத்தில் யோயாக்கீன். எரேமியாவில் சில இடங்களிலும், எஸ்தரிலும், நாளாகமத்தின் வம்ச அட்டவணையிலும், மத்தேயுவிலும் எகொனியா. எரேமியாவில் மூன்று இடங்களில் கோனியா. மூன்றும் ஒரே ஆள்! யோயாக்கீனும் எகொனியாவும் எபிரெயத்தில் அதே இரண்டு துண்டுகள்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. வேல்முருகனும் முருகவேலும் போல. ‘கர்த்தர் நிலைப்படுத்துவார்’ என்றாலும் ‘நிலைப்படுத்துவார் கர்த்தர்’ என்றாலும் பொருள் மாறாது.

கோனியா மட்டும் விஷயம் வேறு. எரேமியா 22-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். யோயாக்கீமின் குமாரன் கோனியா என் வலதுகையின் முத்திரைமோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிந்துவிடுவேன் என்று கர்த்தர் சொல்கிறார். அவனைப் பிள்ளையற்றவன் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார். அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டான் என்கிறார். இந்தக் கடுமையான வார்த்தைகள் விழுகிற இடத்தில் பெயர் குறுகிவிட்டது. எகொனியாவின் முன்னெழுத்தைக் காணோம்!

கர்த்தர் தம்முடைய பெயரை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இல்லை. எபிரெய வடிவம் ‘யெகோன்யாகு’. கர்த்தரின் பெயர் கடைசியில் ‘யாகு’ என்று இருக்கிறது, அது ‘கோன்யாகு’விலும் அப்படியே இருக்கிறது. போனது முன்னாலிருந்த ‘யெ’. எபிரெய இலக்கணத்தில் அது இனி நடக்கப்போவதைக் காட்டுகிற முன்னொட்டு. நிலைப்படுத்து‘வார்’ என்பதில் அந்த ‘வார்’ மட்டும் உதிர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தெய்வத்தின் பெயர் நின்றது, எதிர்காலம் போனது. உடம்பு சிலிர்க்கவில்லையா?

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். 1935-இல் லாகீஸ் கோட்டை வாசலில் தோண்டியவர்கள் மையால் எழுதிய பானை ஓடுகளை எடுத்தார்கள். யூதா ராஜ்யத்தின் கடைசி நாட்களில் படைவீரர்கள் எழுதிய கடிதங்கள் அவை. அதில் மூன்றாவது ஓட்டில் எல்நாத்தானின் மகன் கோன்யாகு, சேனைத் தலைவன், எகிப்துக்குப் போகிற செய்தி இருக்கிறது. அதாவது கோன்யாகு என்பது அந்தக் காலத்தில் ஊரில் புழங்கிய பெயர்தான், சாபத்துக்கென்றே செய்த பெயர் அல்ல. நம் ராஜாவின் தாய் நெகுஸ்தாளின் தகப்பன் பெயரும் எல்நாத்தான்தான். ஆள் ஒன்றா வேறா என்று துணிந்து சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெயர்கள் எவ்வளவு சகஜமாக இருந்தன என்பது தெரிகிறது. அதனால் கோனியா என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர், யோயாக்கீன் பட்டத்துப் பெயர் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். வீட்டுப் பெயரே ஆனாலும், மோதிரத்தைக் கழற்றுகிற இடத்தில் பட்டத்துப் பெயரை விட்டுவிட்டு அதை எடுத்தது எரேமியாவின் தேர்வுதானே!

இப்போது ஒரு தூணைப் பார்ப்போம். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மண்டப வாசலில் இரண்டு வெண்கலத் தூண்கள். தீரு பட்டணத்துக் கைவினைஞன் ஈராம் வார்த்தவை. உயரம் 18 முழம், சுற்றளவு 12 முழம். உள்ளே கூடு, வெண்கலத்தின் கனம் நாலு விரற்கடை. இடதுபுறத் தூணின் பெயர் போவாஸ். வலதுபுறத் தூணின் பெயர்? யாகீன்! ஆம், அதே வினைதான், ‘அவர் நிலைப்படுத்துவார்’. ஆலயத்துக்கு வந்த ஒவ்வொருவர் கண்ணிலும் பட்ட வார்த்தையைத்தான் இந்தப் பையனும் சுமந்தான். 2 ராஜாக்கள் 25-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் பாபிலோன் சேனை அந்தத் தூண்களை உடைத்து வெண்கலத்தை அள்ளிக்கொண்டு போகிறது. அதே அதிகாரத்தின் கடைசி நாலு வசனங்களில் யாரைப் பற்றிச் சொல்கிறது, தெரியுமா? யோயாக்கீனைப் பற்றி! யாகீன் உடைந்த அதிகாரத்திலேயே யோயாக்கீன் பாபிலோன் சிறையிலிருந்து நிமிர்கிறான். எழுதியவர் இதை அறிந்துதான் வைத்தாரா என்று கேட்டால், தூணின் பெயரை அறியாத யூதா நாட்டு எழுத்தர் இருந்திருப்பாரா என்று திருப்பிக் கேட்பேன்.

அவன் பாபிலோனிடம் எப்படிப் பிடிபட்டான்? பாபிலோன் பக்கத்துக் கணக்கே நம்மிடம் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு சின்னக் களிமண் பலகையை 1956-இல் வைஸ்மன் என்ற அறிஞர் வாசித்து வெளியிட்டார். நேபுகாத்நேச்சாரின் ஏழாம் ஆண்டு, கிஸ்லேவ் மாதம் படை திரண்டது, யூதாவின் பட்டணத்தை முற்றுகையிட்டது, ஆதார் மாதம் இரண்டாம் தேதி பட்டணம் விழுந்தது, அதன் ராஜா பிடிபட்டான், மனசுக்குப் பிடித்த வேறொரு ராஜாவை அங்கே நியமித்தான். நம் கணக்கில் கி.மு. 597, மார்ச் நடுப்பகுதி. தாய், ஊழியக்காரர், பிரபுக்கள் எல்லாரோடும் அந்த 18 வயதுப் பையன் தானாகவே வெளியே வந்து பாபிலோன் ராஜாவிடம் சரணடைந்தான் என்று வேதம் சொல்கிறது. பட்டணம் எரியவில்லை, ஆலயம் நின்றது. எரிந்தது பத்து வருஷத்துக்கும் அதிகம் கழித்து, சிதேக்கியா எதிர்த்து நின்றபோதுதான்.

இதை யூதர்கள் மறக்கவே இல்லை. கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேமைச் சூழ்ந்து நின்றபோது, வரலாற்றாசிரியர் யோசேபஸ் மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த கிளர்ச்சித் தலைவன் கிஸ்காலா யோவானிடம் இந்த ராஜாவைச் சுட்டிக்காட்டிக் கெஞ்சினார். ஆலயம் எரிவதைப் பார்க்கக் கூடாது என்று தானும் குடும்பமுமாகச் சிறைபோனவன் அவன், அதனால்தான் அவன் பேர் இன்றும் போற்றப்படுகிறது என்றார். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும்! லேவியராகமத்துக்கு எழுந்த பழைய யூத விளக்கநூலில் ஒரு கதை உண்டு. ஆலயத்தின் சாவிகளையெல்லாம் திரட்டி எகொனியா வானத்தை நோக்கி வீசினானாம். மேலிருந்து கை போல ஒன்று நீண்டு வாங்கிக்கொண்டதாம்.

இனி வருவதுதான் என்னை எத்தனை முறை படித்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிற விஷயம். ஜெர்மானியர் கோல்டவே 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். தெற்கு அரண்மனையில் வளைவுக் கூரை போட்ட ஒரு கட்டடம் அகப்பட்டது. இதுதான் தொங்கும் தோட்டத்தின் அடித்தளம் என்று அவர் நம்பினார். அங்கே கிடைத்த களிமண் பலகைகள் எல்லாம் ரேஷன் கணக்கு! யாருக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தானியம் என்ற கிடங்குக் கணக்கு. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-இல் அவற்றில் சிலவற்றை வெளியிட்டார். அதில் என்ன பெயர் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ‘யாஉகீனு, யாகூது நாட்டு ராஜா’. நம் யோயாக்கீன்! பக்கத்திலேயே ராஜாவின் ஐந்து குமாரர்கள். ஒரு பலகையில் நேபுகாத்நேச்சாரின் 13-ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 592 என்று தேதியும் இருக்கிறது.

கொஞ்சம் குனிந்து அந்த அளவுகளைப் பாருங்கள். சீலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். அர்வாத் தீவிலிருந்து வந்த தச்சர்களுக்கு ஆளுக்கு அரை சீலா எண்ணெய். யூதா ராஜாவின் ஐந்து குமாரருக்குச் சேர்த்து இரண்டரை சீலா, அதாவது ஆளுக்கு அதே அரை. ராஜாவுக்கோ அதைப்போல் எத்தனையோ மடங்கு. பெலிஸ்தர், பெனிக்கேயர், எகிப்தியர், கிரேக்கர் என்று பல நாட்டுக் கைதிகளும் தொழிலாளிகளும் அதே கணக்கில் வரிசையாக நிற்கிறார்கள். நாடு போனது, மணிமுடி போனது, எருசலேமில் சித்தப்பன் சிதேக்கியா ராஜாவாக உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் பாபிலோனின் கணக்குப்பிள்ளை இவனைத்தான் ராஜா என்று எழுதுகிறான்! பெயரும் சிதையவில்லை. கர்த்தரைக் குறிக்கிற ‘யாஉ’ இருக்கிறது, உறுதியைக் குறிக்கிற ‘கீனு’ இருக்கிறது.

அந்தக் கணக்குப்பிள்ளைக்கு ‘கீனு’ அந்நியச் சொல்லும் அல்ல. எபிரெயமும் பாபிலோன் பேச்சும் ஒரே குடும்பத்து மொழிகள். ஏசாயா 20-இல் வருகிற அசீரிய ராஜா சர்கோனின் பெயர் அவன் ஊர் மொழியில் ‘ஷர்ரு-கீன்’, உண்மையான ராஜா, உறுதியான ராஜா. அதே வேர்! உலகத்தையே நடுங்க வைத்த பேரரசனும் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற கைதியும் ஒரே வினையைச் சுமந்தார்கள்.

இந்த ராஜா பெயர் கிடைத்தது என்று முன்பு ஒருமுறை வேறு இடத்திலும் ஆரவாரம் எழுந்தது. ‘யோகானின் ஊழியன் எலியாக்கீம்’ என்று முத்திரை பதித்த ஜாடிக் கைப்பிடிகள் யூதா நாட்டில் கிடைத்தன. யோகான் என்பது யோயாக்கீனே என்று ஆல்பிரைட் என்ற பெரிய அறிஞர் எழுதினார். பிற்பாடு அந்த ஜாடிகள் எசேக்கியா காலத்தவை, ஒரு நூறாண்டு மூத்தவை என்று தெரிந்தது.

பிள்ளையற்றவன் என்று எழுதச் சொன்னாரே, அவனுக்கு எத்தனை பிள்ளைகள், தெரியுமா? 1 நாளாகமம் 3-இல் ஏழு பேர்! எரேமியாவின் வாக்கு பிள்ளைப்பேற்றைப் பற்றியது அல்ல, சிங்காசனத்தைப் பற்றியது என்று அந்த வசனமே சொல்லிவிடுகிறது. எனக்கு அந்த ஏழு பெயர்கள்தான் அவன் சிறையில் எழுதிய நாட்குறிப்பு போலத் தெரிகிறது. மூத்தவன் சலாத்தியேல், ‘தேவனிடம் கேட்டேன்’. பெதாயா, ‘கர்த்தர் மீட்டார்’. யெகமியா, ‘கர்த்தர் எழும்பப்பண்ணுவார்’, தாத்தா பெயரில் இருந்த அதே வினை. நெதபியா, ‘கர்த்தர் தாராளமாய்க் கொடுத்தார்’. நடுவில் சேனாசார் என்ற பெயர் மட்டும் பாபிலோன் பெயர், சந்திர தெய்வமான சின்னின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அந்நிய நாட்டில் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பேரன் பெயர் செருபாபேல். அதற்குப் ‘பாபிலோனின் வித்து’ என்று பொருள். ‘இவன் வித்தில் ஒருவனும்’ என்று எரேமியா சொன்ன இடத்தில் வருகிற ‘வித்து’ என்ற சொல்லுக்கு உறவான பாபிலோன் சொல்தான் அந்தப் பெயரின் முதல் பாதி! கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி இந்தச் செருபாபேலிடம் கர்த்தர் சொன்னதாக என்ன சொல்கிறார்? உன்னை முத்திரைமோதிரமாக வைப்பேன். எபிரெயத்தில் எரேமியா சொன்ன அதே ‘ஹோத்தாம்’. தாத்தாவாகக் கர்த்தரின் கையிலிருந்து கழன்ற மோதிரம் பேரனாகத் திரும்புகிறது! செருபாபேல் ராஜா ஆகவில்லை, தேசாதிபதியாகத்தான் இருந்தான். ஆனால் இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்டது அவன் கைதான்.

எசேக்கியேல் தம் தரிசனங்களுக்குத் தேதி போடுவது எந்தக் கணக்கில், தெரியுமா? சிதேக்கியாவின் ஆண்டில் இல்லை. ‘யோயாக்கீன் ராஜாவின் சிறையிருப்பின் ஐந்தாம் வருஷம்’ என்றுதான் கேபார் நதியண்டையில் தொடங்குகிறார். எஸ்தரின் மொர்தெகாய்க்கும் குடும்ப வரலாறு இந்தச் சிறையிருப்பிலிருந்தே. எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எகொனியா திரும்பி வருவான் என்று எரேமியாவின் கழுத்து நுகத்தை எல்லார் முன்னும் உடைத்துப்போட்டான். ஜனங்கள் அதை எவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்பார்கள்! அதே வருஷம் ஏழாம் மாதம் அனனியா செத்தான். எகொனியா வரவில்லை.

அவன் வெளியே வந்தது சிறையிருப்பின் 37-ஆம் வருஷம், 12-ஆம் மாதம், 27-ஆம் தேதி. எரேமியா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 25 என்றிருக்கிறது. நேபுகாத்நேச்சார் இறந்து மகன் ஏவில்மெரொதாக் பட்டத்துக்கு வந்த வருஷம், கி.மு. 561. சிறை வஸ்திரத்தை மாற்றினார்கள். பாபிலோனில் இருந்த மற்ற ராஜாக்களின் ஆசனங்களுக்கு மேலாக அவன் ஆசனத்தை வைத்தார்கள். ராஜாவின் பந்தியிலேயே சாப்பாடு, அன்றாடத் தேவைக்கு நித்தியப்படி. பதினெட்டில் போனவனுக்கு இப்போது ஏறக்குறைய ஐம்பத்தைந்து வயது.

மத்தேயு முதல் அதிகாரத்தில் இவன் பெயர் வருகிற இடத்தையும் கவனியுங்கள். தாவீது முதல் சிறையிருப்பு வரை ஒரு பதினாலு தலைமுறை, சிறையிருப்பு முதல் கிறிஸ்து வரை இன்னொரு பதினாலு. இரண்டும் சந்திக்கிற மூலையில் நிற்பவன் எகொனியா. எரேமியாவின் வாக்கு அப்படி இருக்க இது எப்படி என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவான இரனேயு எழுதினார். யோசேப்பின் இரத்த வழியில் இயேசு பிறக்கவில்லை என்பதற்கு இந்தச் சாபத்தையே அவர் ஆதாரமாக எடுத்தார்.

பாபிலோனிலேயே தங்கிவிட்ட யூதர்களுக்கு ‘ரேஷ் கலூத்தா’, அதாவது சிறைபோனோரின் தலைவர் என்று ஒரு பதவி பல நூற்றாண்டு இருந்தது. பார்த்தியர், சாசானியர், பிறகு கலீபாக்கள் என்று ஆட்சி மாறினாலும் அந்தப் பதவி தொடர்ந்தது. அதில் அமர்ந்தவர்கள் தங்களை யோயாக்கீன் வழியாகத் தாவீதின் வம்சம் என்றே சொன்னார்கள். நெகர்தேயா ஊர் ஜெப ஆலயத்தை எகொனியாவும் கூட வந்தவர்களும் எருசலேமிலிருந்து சுமந்து வந்த கல்லும் மண்ணும் போட்டுக் கட்டினார்கள் என்பது அவர்களின் மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துதேலா ஊர் பெஞ்சமின் என்ற பயணி பாக்தாத் போனபோது, அந்தத் தலைவர் பட்டு உடுத்திக் குதிரையேறி கலீபாவைப் பார்க்கப் போவதைப் பற்றி எழுதினார். தாவீதின் குமாரனாகிய எங்கள் ஆண்டவனுக்கு வழிவிடுங்கள் என்று முன்னே ஆட்கள் கூவிக்கொண்டு போனார்களாம். யோயாக்கீன் எருசலேம் வாசலை விட்டு வெளியே வந்து அப்போது 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது!